கொத்தமல்லி விதையளவு முகம்

தையல்நாயகியைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை நான் பார்த்ததில்லை. ஓடி ஒளிகிற ரகம் இல்லை அவள். வேலையைச் செய்துகொண்டே பயப்படுவாள், பயந்துகொண்டே வேலையை முடிப்பாள். காஞ்சிபுரத்தில் காந்தி ரோட்டை ஒட்டிய சந்தில் என் ஜெராக்ஸ் கடைக்கும் சிட்டிபாபுவின் போட்டோ ஸ்டூடியோவுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். பேருக்குச் சுவர். அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் கேட்கும். அங்கே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து கல்யாண ஆல்பம் செய்கிறவள் அவள். கரண்டு ஒரு தரம் கண் சிமிட்டினால் போதும், “மரியக்கா, உங்க பக்கம் இருக்குதா?” என்று குரல் வந்துவிடும். என் பக்கம் இல்லை என்றால் அவள் பக்கம் மட்டும் இருந்துவிடுமா என்ன? இருந்தாலும் கேட்பாள்.

பிள்ளையார்பாளையத்துப் பெண். வீட்டுக்காரர் கதிர்வேல் தறியில் இருப்பவர், சாது. “இவளுக்கு காஸ் அடுப்ப மூடினியான்னு கேக்கவே ஒரு ஆளு தனியா வேணும், அதான் என்ன கட்டிக்கினா” என்று அவளை வைத்துக்கொண்டே சொல்லிச் சிரிப்பார். அவளும் சிரிப்பாள், சிரித்துவிட்டு மூடினோமா இல்லையா என்று யோசிக்க ஆரம்பிப்பாள். கம்ப்யூட்டர் படித்துவிட்டுக் கல்யாணப் பத்திரிகை அடித்துக்கொண்டிருந்தவளை, சிட்டிபாபு பிலிம் கேமராவுக்குக் கும்பிடு போட்டு டிஜிட்டலுக்கு மாறிய வருஷம் ஆல்பம் வேலைக்கு எடுத்துக்கொண்டார். 

சேர்ந்த புதிதில் ஒரு முழு ஆல்பம் கரண்டு போய் அழிந்தது. பெண் வீட்டார் கூட்டமாக வந்து வாசலில் நின்று கத்தினார்கள். சிட்டிபாபு தன் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள அவர்கள் முன்னாலேயே அவளைப் பிடித்துத் திட்டினார். அந்த ஆள் கெட்டவர் இல்லை. ஆனால் பழி வருகிறது என்றால் பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று பார்க்கிற புத்தி அவருக்கு உண்டு. அன்று பிடித்த பயம்தான் அவளுக்கு. ஒரு கோடு இழுத்தால் ‘சேவ்’, ஒரு பூவை நகர்த்தினால் ‘சேவ்’. ஸ்டூடியோவுக்கு வருகிறவர்கள் அவளுக்கு ‘சேவு நாயகி’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

அப்போதைய கம்ப்யூட்டருக்கு அந்தப் புதுக் கேமராவின் படங்கள் தாங்கவில்லை. ஒரு பக்கத்தில் நாலு படத்தை வைத்து ஒன்றை இந்தப்பக்கம் தள்ளினால், மெஷின் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும். அவள் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாலும் அப்படியே நிற்கும். எந்த நிமிஷம் உறைந்துபோகுமோ என்று அவளுக்குப் பயம். அதனால் ஒரு வழி செய்துகொண்டாள். கேமராவிலிருந்து வந்த படங்கள் அத்தனைக்கும் முதலில் அளவு குறைத்த சின்னப் பிரதி எடுத்துக்கொள்வாள். ஆல்பத்தின் பக்கங்களை அந்தச் சின்னப் படங்களை வைத்தே கட்டுவாள். நிறம் திருத்துவது, ஓரம் வெட்டுவது, மணமக்களைச் சுற்றிப் பூச்சட்டம் போடுவது எல்லாம் அதில்தான். கல்யாண வீட்டார் வந்து பார்த்துத் தலையாட்டிய பிறகு, கடைசியில் ஒவ்வொரு சின்னப் படத்தையும் எடுத்துவிட்டு அதே இடத்தில் பெரிய படத்தைப் பொருத்தி, சி.டி.யில் எழுதிச் சென்னைக்கு அச்சடிக்க அனுப்புவாள். சின்னப் படம் திரையில் பார்க்க லட்சணமாகத்தான் இருக்கும். அதையே பெரிதாக அச்சடித்தால் முகம் கட்டம் கட்டமாக உடைந்துவிடும்.

டிஸ்கில் இரண்டு ஃபோல்டர் வைத்திருந்தாள். பெரிய படங்கள் இருந்ததற்கு ‘பெரிய’ என்று பெயர். சின்னப் படங்கள் இருந்ததற்கு ‘சின்ன’ என்று பெயர். ஒவ்வொன்றுக்குள்ளும் கல்யாண வீட்டார் பெயர்ப்படி எல்லாம் அடுக்கியிருக்கும். இதைவிடத் தெளிவாக யாராலும் வைக்க முடியாது என்று நானே சொல்லியிருப்பேன்.

2006 வைகாசி. வரதர் கோயில் பிரம்மோற்சவம். கருட சேவை அன்று ஊர் கொள்ளாத கூட்டம். சந்து பொந்தெல்லாம் வெளியூர் ஆட்கள். சின்ன காஞ்சிபுரம் பக்கம் போன ஆட்டோ எதுவும் மத்தியானம் வரை திரும்பவில்லை. தையல்நாயகி அன்று லீவு. மறுநாள் நான் கடையைத் திறந்து மெஷினுக்குச் சூடேற்றிக்கொண்டிருந்தபோது இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் முரளீதரன், சின்ன காஞ்சிபுரம் சன்னிதித் தெருவில் இருப்பவர், பள்ளிக்கூட வாத்தியார். கூட வந்தது அவருடைய மாப்பிள்ளை ஸ்ரீகர். மாசி மாதம்தான் கல்யாணம் ஆகியிருந்தது. பெங்களூரில் வேலை, உற்சவத்துக்காக மனைவி மானஸாவோடு முந்தின நாள் சாயந்திரம்தான் வந்து இறங்கியிருந்த பையன்.

“காணவில்லைன்னு ஒரு நோட்டீஸ் போடணும்மா” என்றார் முரளீதரன். “எங்க அண்ணா. நேத்து விடியக்காலம் கருட சேவைக்குப் போனவர். கூட்டத்துல கையை விட்டுட்டேன்.”

அண்ணனின் பெயர் அச்சுத். ஐம்பதைத் தாண்டியவர், கல்யாணம் ஆகாதவர். சின்ன வயசிலிருந்தே வலிப்பு உண்டு. மாத்திரை விடாமல் கொடுக்க வேண்டும், கொடுக்காவிட்டால் எங்கே எப்போது விழுவார் என்று சொல்ல முடியாது. வெளியாட்கள் யாரிடமும் பேச மாட்டார். பெயர் கேட்டால்கூடச் சொல்ல மாட்டார். பிரபந்தம் மட்டும் ஒரு சொல் பிசகாமல் வரும். மாத்திரை டப்பா வீட்டில் இருந்தது.

“போட்டோ குடுங்க சாமி” என்றேன்.

“அதுதான் இல்லையே. போட்டோன்னாலே முதுகைக் காட்டிண்டு போயிடுவார். ஓட்டர் கார்டுக்குப் படம் எடுக்க வந்தப்போகூட குளத்துப் பக்கம் போய் உட்கார்ந்துண்டார். மானஸா கல்யாணத்துல மட்டும் அவ கையைப் பிடிச்சு நிறுத்தி வச்சா. அந்த குரூப் போட்டோல பின்வரிசைல நிக்கறார். ஆல்பம் இன்னும் வரல. படம் பொறுக்கறதுலயே நாளாயிடுத்து.”

அந்தக் கல்யாணத்துக்குப் படம் எடுத்தது சிட்டிபாபுதான். பக்கத்துக் கடைக்கு நானே கூட்டிக்கொண்டு போனேன். தையல்நாயகி அப்போதுதான் வந்து மெஷினைப் போட்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் அவள் முகம் சுண்டிவிட்டது, யாரோ ஒருவர் காணாமல் போனதற்கே அவளுக்கு அப்படித்தான். சிட்டிபாபு தைரியம் சொன்னார்.

“கவலையே படாதீங்க சாமி. பெரிய படத்துல மூஞ்சிய மட்டும் வெட்டி எடுத்தா பளிச்சுனு வரும். சின்ன காஞ்சிபுரம் கல்யாணம் எல்லாம் பத்திரமா இருக்குது. நேத்து டிஸ்க்குல எடமே இல்ல, எடுத்தாந்த முகூர்த்தத்த எங்க கொட்றது? பெரிய காஞ்சிபுரத்து ஆல்பம்லாம் குடுத்தாச்சேன்னு அத்த மட்டும்தான் தூக்கினேன்.”

தையல்நாயகியின் கை மவுஸ் மேலேயே நின்றது.

“எத்த சார் தூக்கினீங்க?”

“பெரியன்னு போட்டு வச்சிக்கினு இருந்தியேம்மா. அதத்தான்.”

வெளியூர்க்காரர்களுக்கு இது விளங்காது. எங்கள் ஊரே இரண்டு. ஏகாம்பரநாதர் இருக்கும் பக்கம் பெரிய காஞ்சிபுரம், வரதர் இருக்கும் பக்கம் சின்ன காஞ்சிபுரம். பஸ்ஸில் டிக்கெட் கேட்டால் “பெரியவா சின்னவா?” என்பார்கள். பெண் எடுத்த இடம் கேட்டாலும் அப்படித்தான். பிறந்ததிலிருந்து அந்த இரண்டு சொல்லையும் ஊராகவே கேட்டு வளர்ந்த மனுஷர் சிட்டிபாபு. ‘பெரிய’ என்ற ஃபோல்டரைப் பார்த்ததும் பெரிய காஞ்சிபுரத்துக் கல்யாணங்கள் என்று எடுத்துக்கொண்டு, உள்ளே யார் பெயர் இருக்கிறது என்றுகூடத் திறந்து பார்க்காமல் அடியோடு அழித்துவிட்டார். அதன் மேலேயே புதுப் படங்களையும் கொட்டிவிட்டார். கேமரா கார்டும் மாசி மாதத்துக்குப் பிறகு அழித்து அழித்து எத்தனையோ கல்யாணம் பார்த்துவிட்டது. சி.டி. எழுதி வைக்கலாம் என்று அவள் கேட்டதற்கெல்லாம் சீசன் முடியட்டும் என்பதே பதில்.

தையல்நாயகி குரூப் போட்டோவின் சின்னப் பிரதியைத் திறந்தாள். அறுபது பேர் இருப்பார்கள். மேடையில் மூன்று வரிசை. பின்வரிசையின் ஓரத்தில், ஒருவர் தோளுக்கு மேலே அச்சுதின் முகம். கொத்தமல்லி விதையளவு. அவள் அதைப் பெரிதாக்கினாள். இன்னும் பெரிதாக்கினாள். மாநிறத்தில் சில கட்டங்கள், நெற்றியில் வெள்ளையாக இரண்டு கட்டம், கண் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பாக ஒன்று. முகம் என்று சொல்வதற்கு அதில் ஒன்றும் இல்லை.

“சாமி, நீங்க கொஞ்சம் அக்கா கடைல குந்துங்க, ரெடி பண்ணி எடுத்தாறோம்” என்று சிட்டிபாபு அவர்களை வெளியே அனுப்பினார். அவர்கள் என் கடை முன்னால் தெரு இரைச்சலில் போய் நின்றார்கள். நான் உள்ளே வந்து மெஷின் பக்கம் நின்றேன். சுவர் தன் வேலையைச் செய்தது.

“அய்யோ, ராமா” என்று சிட்டிபாபு தலையில் கை வைத்துக்கொண்டது கேட்டது. பிறகு குரல் தாழ்ந்தது. “த பாரு தையலு, அழிச்சிட்டோம்னு சொன்னா அந்த மனுசன் இங்கயே உழுந்துருவாரு. தெருவே கூடிரும். நீ ஒண்ணு செய். தம்பிக்காரரு மூஞ்சி கிட்டத்துல எடுத்தது நெறைய இருக்குது இல்ல? அது சின்னதுலயே தெளிவா இருக்கும். அதுலேர்ந்து கண்ணு, மூக்கு, வாயி எடுத்து இதுல வச்சி கலர ஒட்டு. அண்ணன் தம்பிதான? ஒரே சாடைதான்.”

“சார், அது வேற ஆளாயிடும் சார்.”

“பேரு வச்சது நீதான? நீ ஒழுங்கா பேரு வச்சிருந்தா நான் ஏன் அழிக்கப் போறேன்?”

அதற்குப் பிறகு மவுஸ் தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. அந்தப் பேச்சைக் கேட்டு எனக்கு வந்த ஆத்திரத்துக்கு நேரே போய் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். ஆனால் கண்ணையும் மூக்கையும் எடுத்து ஒட்டுவது என்றால் என்னவென்று எனக்கு முழுதாகப் புரியவில்லை. தம்பியின் சாடையைப் பார்த்து, மங்கலாக இருக்கிற படத்தைத் துடைத்துத் தெளிவாக்குகிறார்கள் என்றுதான் நினைத்தேன். கம்ப்யூட்டரில் எல்லாம் முடியும் என்று ஊரே நம்பிக்கொண்டிருந்த காலம் அது.

படம் வந்தது. நல்ல முகம். கண் துலங்கி, மூக்கு எடுப்பாக, நாமம் திருத்தமாக, அண்ணனின் வயதுக்கு நரை கூட்டி. முரளீதரன் அதை இரண்டு கையாலும் வாங்கிப் பார்த்தார். பார்த்துக்கொண்டே அழுதார்.

“அண்ணாவேதான். நேர்ல இருக்கற மாதிரியே இருக்கார்” என்றார். தையல்நாயகி வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் அவளைப் பார்த்துக் கும்பிட்டார். அவள் சட்டென்று உள்ளே போய்விட்டாள்.

எனக்கு அது பின்னால்தான் புரிந்தது. வீட்டில் கூடவே இருக்கிறவரின் முகத்தை நாம் யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. அவர் தேடிக்கொண்டிருந்தது அண்ணனை. யாராவது ஒரு முகத்தைக் காட்டி இதுதான் என்றால் ஏற்றுக்கொள்கிற நிலையில் இருந்தார். மானஸாவும் வீட்டுப் பெண்களும் மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு கோயிலிலும் குளக்கரையிலும் அலைந்துகொண்டிருந்தார்கள். அந்தப் படத்தை நிதானமாகப் பார்க்க யாருக்கும் நேரம் இல்லை.

நோட்டீஸை நான்தான் ஜெராக்ஸ் எடுத்தேன். வீட்டு நம்பரோடு என் கடை நம்பரையும் போட்டேன். ஸ்ரீகர் ஒரு வாளியில் பசையைக் கரைத்துக்கொண்டு பைக்கில் கிளம்பினான். பஸ் ஸ்டாண்டு, ரயில்வே ஸ்டேஷன், கூரம் போகிற வழி, முசரவாக்கம் போகிற வழி என்று ஒரு பக்கம் விடாமல் ஒட்டிவிட்டு வந்தான். நல்ல பையன். முகம் வெயிலில் கன்றிப்போயிருந்தது.

சாயந்திரம் வீட்டுக்குக் கிளம்பும் முன் தையல்நாயகி என் கடைக்கு வந்து தண்ணீர் கேட்டாள்.

“அக்கா, அந்த மூஞ்சிய வச்சி யாராச்சும் கண்டுபுடிச்சிருவாங்களா?”

“இவ்ளோ தெளிவா இருக்குது, ஏன் கண்டுபுடிக்க மாட்டாங்க?” என்றேன்.

அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஏதோ சொல்ல வாய் எடுத்ததும் பக்கத்தில் சிட்டிபாபு ஷட்டர் இறக்குகிற சத்தம் கேட்டது. தண்ணீரைக் குடிக்காமலேயே வைத்துவிட்டுப் போனாள். அன்று வீட்டில் அவள் அடுப்படிக்கே போகவில்லையாம், காஸைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லையாம். கதிர்வேலுக்கு அதுவே பயமாகப் போயிற்று என்று பிறகு சொன்னார்.

அடுத்த நாள் போன் வர ஆரம்பித்தது. ஒவ்வொரு மணி அடிக்கும்போதும் அந்தப் பக்கம் அவள் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்கும். ஓடி வந்து என் கடை ஓரத்தில் நிற்பாள். “நோட்டீஸ்ல இருக்கிறவரு இங்க சன்னிதித் தெருவுலதாங்க போய்க்கினு இருக்கிறாரு” என்றது ஒரு போன். “பூக்கடை சத்திரம் கிட்ட நின்னுக்கினு இருக்கிறாரு, கூடவே ஒரு பையன் இருக்கிறான்” என்றது இன்னொன்று. முரளீதரனின் வீட்டுக்குச் சொல்லி அனுப்பினால், அங்கே போய்ப் பார்க்கிறார்கள், யாரும் இல்லை. வரவர அவள் முகத்தில் ரத்தமே இல்லை. ஏன் இவள் இப்படிச் சாகிறாள் என்று எனக்கு எரிச்சல்கூட வந்தது.

மத்தியானம் முரளீதரனே வந்தார். சட்டையெல்லாம் வியர்வை, காலில் செருப்பு அறுந்திருந்தது. சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு குரலில் சொன்னார்.

“டீக்கடைக்காரன் ஒருத்தன் என் கையைப் பிடிச்சுண்டு விடமாட்டேங்கறான்மா. ‘சாமி, உங்கள வீட்ல தேடுறாங்க, வாங்க கொண்டாந்து விடுறேன்’ங்கறான். கூட்டம் கூடிடுத்து. நான்தான் தேடறேன்னு சொன்னா ஒருத்தனும் நம்பல. நோட்டீஸைக் காட்டறான். பார்த்தா... அண்ணாவும் நானும் இவ்வளவு ஜாடையா இருக்கோம்னு எனக்கு இத்தனை நாள் தெரியல.”

தையல்நாயகி அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்தபடியே சொன்னாள்.

“அது உங்க மூஞ்சிதான் சாமி. உங்க கண்ணு, உங்க மூக்கு, உங்க வாயி. பெரிய படம் அழிஞ்சிபோச்சி. சின்னதுல அவரு மூஞ்சி வரல. ஜாடையா இருக்குமேன்னு உங்களுத எடுத்து ஒட்டிட்டேன். நான்தான் ஒட்டினேன்.”

சிட்டிபாபு உள்ளேயிருந்து வந்து நின்றார். அவர் பெயரை அவள் சொல்லவே இல்லை. அவரும் சொல்லவில்லை. எனக்கு அப்போது எல்லாம் ஒரே நொடியில் விளங்கியது. முந்தின நாள் நான் மெஷினில் எடுத்த ஒவ்வொரு காகிதமும் என் கண் முன்னால் வந்து போனது.

முரளீதரன் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார்.

“அப்போ நேத்துலேர்ந்து நான் என் மூஞ்சியைத்தான் ஊர் பூரா ஒட்டிண்டு இருக்கேனா?” என்றார். “மாத்திரை போடாம ரெண்டு ராத்திரி ஆயிடுத்தும்மா. எங்கயாவது ரோட்டோரம் விழுந்திருந்தார்னா...” என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

தையல்நாயகி எழுந்தாள். கண்ணைத் துடைத்துக்கொள்ளக்கூட இல்லை. ‘சின்ன’ ஃபோல்டரைத் திறந்து அந்தக் கல்யாணத்துப் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனாள். நூற்றுக்கணக்கில் இருந்தன. நான் கடையை அப்படியே போட்டுவிட்டு அவள் பின்னால் நின்றேன், முரளீதரனும் நின்றார். ஊஞ்சல், மாலை மாற்றுவது, சாப்பாட்டுப் பந்தி. எந்தப் படத்திலும் அச்சுதின் முகம் இல்லை. ஆனால் அவர் இருந்தார். கேமராவைக் கண்டு திரும்பிப் போகிறவராக ஒரு மூலையில் இருந்தார். தூணுக்குப் பின்னால் பாதியாக இருந்தார். பந்தியில் பரிமாறுவதை எடுத்த ஒரு படத்தில் மிகக் கிட்டத்தில், அப்போதுதான் முதுகைக் காட்டித் திரும்பியவராக, ஆளுயரத்துக்கு இருந்தார். கிட்டத்தில் எடுத்ததால் சின்னப் படத்திலும் அது உடையவில்லை. முடிச்சுப் போட்ட சின்னக் குடுமி. ஒரு தோள் இறங்கி ஒரு தோள் ஏறி. இடது கையை முதுகுக்குப் பின்னால் மடித்து, வலது கையால் அதன் முழங்கையை இறுக்கிப் பிடித்திருந்தார்.

“எப்பவும் அப்படித்தான் நிப்பார்” என்றார் முரளீதரன். “உட்கார்ந்தாக்கூட கை அங்கதான் போகும்.”

“இத்த போடலாம் சாமி” என்றாள் அவள்.

“முதுகப் போட்டு யாராச்சும் காணவில்லைன்னு நோட்டீஸ் அடிப்பாங்களாம்மா?” என்றார் சிட்டிபாபு. வாய் தானாகப் பேசிவிட்டது, பாவம்.

அவள் அவர் பக்கம் திரும்பவே இல்லை. எவ்வளவு பெரிதாக அச்சடித்தால் உடையாதோ அந்த அளவுக்கு மட்டும் வைத்தாள். ஒரு மயிரைக்கூடத் திருத்தவில்லை, நிறத்தைத் தொடவில்லை. முகம் தெரியும் படம் இல்லை, முன்பு ஒட்டிய படம் தவறு, இவர் நிற்கும் விதத்தைப் பாருங்கள் என்று முரளீதரன் சொல்லச் சொல்ல அடித்தாள். அந்த ‘தவறு’ என்ற சொல்லை அடித்துவிட்டு அதையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு ‘சேவ்’ செய்தாள்.

பழைய நோட்டீஸைக் கிழித்துவிட்டுப் புதியதை ஒட்ட இந்தத் தடவை பலர் போனார்கள். கதிர்வேல் தறியிலிருந்து இறங்கி வந்து சைக்கிளில் போனார். ஸ்ரீகர் பைக்கில் ஒரு பக்கம் போனான். தையல்நாயகி என் கடையை விட்டு நகரவில்லை. போனைப் பார்த்தபடி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். “செத்துக்கித்து போயிருந்தாருன்னா அக்கா?” என்று கேட்பாள். நான் திட்டுவேன். மறுபடியும் கேட்பாள். எனக்கும் அதே பயம்தான் என்பதை நான் அவளிடம் சொல்லவில்லை.

மறுநாள் கடை திறந்து சாம்பிராணி போடும்போது மணி அடித்தது. முசரவாக்கம் பக்கத்தில் பஸ் நிறுத்தத்தில் டீக்கடை வைத்திருக்கும் ஒரு அம்மாள், கமலாட்சி என்று பெயர் சொன்னார். 

“இந்த முதுகு ஆளு எங்க ஸ்டாப்புலதான்மா கெடக்குறாரு. ரெண்டு நாளா குந்திக்கினு இருந்தாரு, டீ குடுத்தா குடிப்பாரு. கைய பின்னால புடிச்சிக்கினு ஏதோ முணுமுணுன்னு பாடுவாரு. நேத்து ராவு இழுப்பு வந்து உழுந்துட்டாரு. மண்டைல அடி. சீக்கிரம் வரச் சொல்லும்மா.”

ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நெற்றியில் தையல் போட்டார்கள். வலிப்பு அடுத்தடுத்து வந்ததில் ஒரு பக்கம் கை இழுத்துக்கொண்டது. எந்தக் கையால் முழங்கையைப் பிடிப்பாரோ அந்தக் கை. உயிருக்கு ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொன்ன பிறகுதான் தையல்நாயகி சோறு தின்றாள். சிட்டிபாபு ஆஸ்பத்திரிக்குப் போய் முரளீதரனிடம் நடந்ததைத் தன் வாயாலேயே சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அதற்குள் அதைக் கேட்க அங்கே யாருக்கும் தெம்பு இல்லை.

அச்சுத் வீட்டுக்கு வந்த வாரம், பெங்களூர் கிளம்பும் முன் ஸ்ரீகர் மட்டும் தனியாக ஸ்டூடியோவுக்கு வந்தான். கல்யாணத்துப் படம் இருக்கிற வரைக்கும் சின்ன அளவிலேயே ஒரு ஆல்பம் போட்டுக் கொடுங்கள் என்று மாமனார் சொல்லி அனுப்பியிருந்தார். அவர் மனசு அப்படி. தையல்நாயகி தலையைக் குனிந்துகொண்டே எல்லாவற்றுக்கும் சரி என்றாள். பையன் சொல்லி முடித்த பிறகும் போகவில்லை.

“உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். வீட்ல யார்கிட்டயும் சொல்லல” என்றான். “முதல் நோட்டீஸை அந்த முசரவாக்கம் ஸ்டாப்புல ஒட்டினது நான்தான்.”

அவள் நிமிர்ந்தாள். நானும் அங்கேதான் இருந்தேன்.

“கல்யாணத்தன்னிக்குக்கூட அவர் மூஞ்சியை நான் சரியாப் பார்க்கல. இந்தத் தடவை நாங்க வந்து இறங்கறதுக்குள்ள காணாமப் போயிட்டார். அந்த ஷெல்டர்ல ஒருத்தர் சுவர்ல சாஞ்சு உட்கார்ந்திருந்தார். ரெண்டு நாள் தாடி, உடம்பெல்லாம் புழுதி. ஒரு நிமிஷம் எனக்குச் சந்தேகம் வந்தது. கிட்டப் போய் நோட்டீஸை அவர் மூஞ்சிக்குப் பக்கத்துல வச்சுப் பார்த்தேன். கண்ணு வேற. மூக்கு வேற. இவர் இல்லைன்னுட்டேன். பசை தடவ இடம் வேணும்னு, கொஞ்சம் தள்ளி உட்காருங்கோன்னேன். தள்ளி உட்கார்ந்தார். அவர் தலைக்கு மேலயே ஒட்டிட்டு வந்துட்டேன்.”

தையல்நாயகி மெதுவாகக் கேட்டாள்.

“அவரு உங்கள பாக்கலியா தம்பி?”

“பார்த்தார்” என்றான். “நீ மானஸா ஆத்துக்காரன்தானேன்னு கேட்டார். என் காதுல விழுந்தது. யாரோ ஊர்க்காரர் போலிருக்குன்னு நெனச்சு, ஆமாம்னு சொல்லிட்டு வந்தேன்.”